முதலில் மண்டை, அப்புறம் இறகு: பறவைத் தலை கேள்வி-பதில்

மாறுவேடத்துக்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் பறவைத் தலையை முதல்முறை செய்கிறேன். எந்தப் பறவையின் தலை சுலபம்?
– வாசகி, திருச்சி

அண்டங்காக்கை. தலை முழுக்க ஒரே கறுப்பு, அலகில் பெரிய வளைவு இல்லை, ஒட்டில் பிசகினாலும் கறுப்புக்குள் அடங்கிவிடும். ஊர்க்காக்கை என்றால் கழுத்துச் சாம்பலைக் கறுப்போடு இழைத்துக்கொண்டு வர வேண்டும். அது இரண்டாவது தலைக்கு இருக்கட்டும். முகம் தட்டைதானே என்று பலரும் ஆந்தையில் இறங்குகிறார்கள். ஆந்தை முகத்தில் இறகுகள் கண்ணைச் சுற்றி நாலா பக்கமும் விரிந்து நிற்கும். பழகாத கைக்கு அது வராது.

தெர்மகோல் தலைமேல் ரப்பர் பசை தடவினேன், குழி குழியாகக் கரைந்துவிட்டது. பசை போலியா?
– வாசகர், சேலம்

பசை அசல்தான். அதிலுள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். ஸ்பிரே பெயிண்டும் அப்படித்தான். தெர்மகோலுக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். ஒரு சின்னத் துண்டில் தடவிப் பார்த்திருந்தால் தலை தப்பியிருக்கும். ரப்பர் பசையை ஜன்னல் திறந்த அறையில்தான் எடுக்க வேண்டும். அடுப்புப் பக்கம் கொண்டே போகக்கூடாது, அதன் ஆவி தீப்பிடிக்கும்.

செம்பருந்துத் தலைக்காக இரண்டாயிரம் இறகு வாங்கிவிட்டேன். எங்கிருந்து ஒட்ட ஆரம்பிப்பது?
– வாசகர், மதுரை

இறகை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். இறகு வாங்கியாயிற்று, மண்டை இல்லை என்ற இதே கடிதம் ஓயாமல் வருகிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பிளாஸ்டிக் பந்து. அதன்மேல் எத்தனை ஆயிரம் இறகு ஒட்டினாலும் அது இறகு ஒட்டிய பந்துதான். இறகு எந்தக் குறையையும் மூடாது. கீழே இருக்கும் மேடு பள்ளத்தை அப்படியே எடுத்துக் காட்டும்.

பருந்துக்குக் களை தருபவை மூன்று: கண்ணுக்குமேல் நீட்டி நிற்கும் புருவ எலும்பு, தட்டையான உச்சி, கண்ணுக்குக் கீழ்வரை ஓடும் வாய்க்கோடு. பக்கவாட்டில் எடுத்த நிஜப் பறவைப் படம் ஒன்றை, நீங்கள் செய்யப்போகும் அளவுக்குப் பெரிதாக்கி பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். யாரோ செய்த முகமூடியின் படம் வேண்டாம், அவர் செய்த தப்பும் சேர்ந்து வரும். பெரியவர்களுக்குத் தலைச்சுற்று 56–58 செ.மீ. இருக்கும், அதற்குமேல் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். குரங்கு குல்லாதான் அடித்தளம். அதன்மேல் 5 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட்டில் (வளைந்து கொடுக்கும் ஃபோம் தகடு) மண்டை. ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, பத்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஈரத்திலேயே அழுத்தினால் ஒட்டு வழுக்கும். புருவத்துக்கு 10 மி.மீ. ஷீட்டில் ஐந்து செ.மீ. துண்டு, ஒரு பக்கம் சாய்வாகச் சீவியது, கண்ணுக்கு வெளியே 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது அந்த மொட்டைத் தலையைப் பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். பருந்து என்று தெரிந்தால் மட்டும் பரணில் இருப்பதை இறக்குங்கள்.

ஒட்டுவது கழுத்தடியில் ஆரம்பித்து அலகை நோக்கி, ஓட்டுக்கூரை வேய்கிற முறையில். காம்பு அலகுப் பக்கம், நுனி கழுத்துப் பக்கம். ஒவ்வொரு இறகிலும் மூன்றில் இரண்டு பங்கு அடுத்த வரிசைக்குக் கீழே மறைய வேண்டும். கழுத்தில் 6 செ.மீ. இறகு, உச்சியில் 3, அலகோரம் 1. காம்படியில் உள்ள பஞ்சைப் பிய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தலை உப்பிப்போகும். ஹாட் க்ளூ வேண்டாம். கட்டி கட்டியாக நிற்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகும். துணிப்பசை போதும். செம்பருந்தின் வெள்ளைத் தலையை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு இறகின் நடுவிலும் மயிரிழை அளவுக்கு ஒரு கருங்கோடு ஓடும். ஒட்டுவதற்கு முன்பே மெல்லிய அடர்பழுப்புப் பேனாவால் அதை இழுத்துவிடுங்கள். அந்தக் கோடு இல்லாத தலை சுண்ணாம்பு அடித்ததாகத்தான் தெரியும்.

கண்ணில் உயிரே இல்லை.
– வாசகி, கோவை

தாளில் வரைந்து ஒட்டினால் எப்படி இருக்கும்? கண்ணாடி அரைக்கோளம் வாங்கி, தட்டைப் பக்கத்தில் வண்ணம் தீட்டுங்கள். முதலில் கறுப்புப் பாவை, காய்ந்த பிறகு அதன்மேல் விழியின் நிறம். வரிசை மாறினால் பாவை மறைந்துவிடும். புள்ளி ஆந்தைக்கு மஞ்சள், கூகைக்குக் கிட்டத்தட்ட கறுப்பு. விளிம்பில் 2 மி.மீ. ஃபோமில் இமை வையுங்கள். இமை இல்லாத கண் பொத்தான்தான்.

போட்டுக்கொண்டால் எதுவும் தெரியவில்லை.
– வாசகர், புதுச்சேரி

பெரும்பாலான பறவைகளுக்குக் கண் பக்கவாட்டில், உங்களுக்கு முன்னால். பறவைக் கண் வழியாகப் பார்க்க முயல வேண்டாம். உங்கள் கண் எந்த இடத்துக்கு வருகிறதோ, பெரும்பாலும் வாய்ப்பிளவிலோ அலகின் அடியிலோ, அங்கே திறந்து கறுப்பு வலை ஒட்டுங்கள். உட்பக்கம் முழுவதும் கறுப்பு அடித்தால் வெளியே இருந்து வலை கண்ணில் படாது. மூக்குக்கு நேரே காற்று வழியும் வேண்டும். அதை மண்டை செய்யும்போதே வெட்டுங்கள், இறகு ஒட்டிய பிறகு அல்ல.

இருவாச்சித் தலை முன்னால் கவிழ்கிறது.
– வாசகர், பொள்ளாச்சி

அலகைத் திடமாகச் செய்திருக்கிறீர்கள். அலகும் அதன்மேல் இருக்கும் கொண்டையும் உள்ளே கூடாக இருக்க வேண்டும். மொத்த எடை 800 கிராமைத் தாண்டக்கூடாது. உள்ளே காற்றுக்கு வைக்கும் குட்டி விசிறியின் பவர் பேங்க்கைப் பிடரியில் வைத்தால் அதுவே எதிர் எடை. இன்னொன்று: ஆண் பறவை என்று எழுதிவிட்டு வெள்ளை விழி வைத்திருக்கிறீர்கள். பெரிய இருவாச்சியில் ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்குத்தான் வெள்ளை. நிஜப் பறவைப் படத்தைப் பார்க்காமல் செய்யாதீர்கள்.

ஃபோம் அலகில் பெயிண்ட் வெடிக்கிறது.
– வாசகி, ஈரோடு

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் மேற்பரப்பை இறுக்குங்கள். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகால் நான்கு பூச்சு, அப்புறம்தான் அக்ரிலிக்.

மயில் இறகும், கிடைத்த ஆந்தை இறகும் சேர்க்கலாமா?
– வாசகர், விருதுநகர்

ஆந்தை இறகு வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைக்கும் மயிலுக்கும் காப்பு தருகிறது. தானாக உதிர்ந்த மயில்தோகைக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கோழி, வாத்து, வான்கோழி இறகில் செய்ய முடியாத பறவை இல்லை. சாயம் போட்டு, கத்தரித்தால் போதும்.

கோழி இறகு நாறுகிறது.
– வாசகி, நாமக்கல்

கழுவாமல் ஒட்டியிருக்கிறீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ போட்டு இரண்டு முறை அலசி, ஹேர் டிரையரில் சூடில்லாத காற்றில் உலர்த்தி, பூச்சி போக உறையிட்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஒட்டிய பிறகு வழியில்லை.

எல்.கே.ஜி. மகளுக்கு மாறுவேடப் போட்டி. கிளித் தலை எப்படி?
– வாசகி, தாம்பரம்

மூடிய தலை கூடாது. காற்று வழியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், குழந்தைக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். தொப்பி மாதிரி செய்து, சிவப்பு மேல் அலகு நெற்றிக்குமேல் வளைந்து நிற்கட்டும். முகம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நிஜ இறகுக்குப் பதில் பச்சை ஃபெல்ட் துணியில் இலை வடிவ இறகு வெட்டி ஒட்டுங்கள், உதிர்ந்து வாய்க்குள் போகாது. எடை 250 கிராமுக்குள். தாடைநாடாவில் முடிச்சு வேண்டாம், இழுத்தால் உடனே கழன்றுவிடும் வெல்க்ரோ வையுங்கள்.