தேன்மெழுகுவத்தி ஏற்றினால் ஆஸ்துமா குறையுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆஸ்துமாவுக்குத் தினமும் இன்ஹேலர் எடுக்கிறான். கையால் செய்த தேன்மெழுகுவத்தியை அவன் படுக்கும் அறையில் ஏற்றி வைத்தால் எதிர்மின் அயனிகள் வெளியாகி, தூசியெல்லாம் படிந்து காற்று சுத்தமாகும் என்கிறாள் தோழி. ஒரு பெட்டி வாங்கியும் கொடுத்துவிட்டாள். ஏற்றலாமா?

பதில்: மகன் படுக்கும் அறையில் வேண்டாம், அம்மா. தோழி அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் மெழுகுவத்தி காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை. எந்த மெழுகாக இருந்தாலும் எரியும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நுண்துகள்களையும் வெளியே விடும். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். ஏற்கெனவே சுருங்கத் துடிக்கும் மூச்சுக்குழாய்க்கு அது நல்லதில்லை.

அதற்காக அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். தேன்மெழுகில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கே லேசான தேன் மணம் உண்டு. செயற்கை வாசனை சேர்க்கத் தேவையில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலைக் கிளப்புவது பல நேரம் அந்த வாசனைப் பொருள்கள்தான். அதனால் மெழுகுவத்தி ஏற்றியே ஆக வேண்டும் என்றால், வாசனை சேர்க்காத தேன்மெழுகு நல்ல தேர்வு. படுக்கும் முன் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு அந்த மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தூக்கமும் இயல்பாக வரும். கண்ணில் படும் நீல ஒளி குறைவாக இருந்தால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தடைபடாது.

மகனுக்கு மூச்சு சீராக இருக்கும் நாளில், கூடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றுங்கள். கையால் செய்ததில் திரியைத்தான் கவனிக்க வேண்டும். திரி தடிமனாகவோ நீளமாகவோ இருந்தால் சுடர் உயர்ந்து, நுனி கறுத்து, கரிப்புகை வரும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் சுமார் 6 மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள். நேராக வீசும் காற்றில் சுடர் ஆடினாலும் கரி கூடும். மின்விசிறிக்கு அடியில் வைக்காதீர்கள். ஊதி அணைக்கவும் வேண்டாம். ஊதியதும் கிளம்பும் வெள்ளைப் புகை எரியாத மெழுகின் ஆவி, அதுதான் அதிகம் உறுத்தும். ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் அமிழ்த்தி, உடனே நிமிர்த்திவிட்டால் புகையே வராது. உருகிய தேன்மெழுகின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பையன் கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள்.

மேலே வெண்மையாகப் படிந்திருந்தால் பூஞ்சை என்று பயப்படாதீர்கள். தேன்மெழுகு நாளாக நாளாக அப்படிப் பூப்பது இயல்பு, துணியால் துடைத்தால் போய்விடும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மெழுகுவத்தியை நம்பி இன்ஹேலரை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். அவன் இரவில் இருமி எழுந்துகொள்கிறான் என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். அவனுடைய மருத்துவரிடம் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு போய், அவன் அதை இழுக்கும் முறை சரிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, நிவாரண இன்ஹேலரை (மூச்சுத்திணறலை உடனே தணிப்பதற்கானது) கொடுத்தபடியே உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.