கூர் வைக்க அவசரப்படாதீர்கள்

லாரி ஸ்பிரிங் பட்டையில் பட்டறைக்காரர் காய்ச்சி அடித்துக் கொடுத்த எட்டு அங்குலக் கத்தித் தகடு ஒன்று வாசகர் ஒருவரிடம் இருக்கிறது. தோய்ச்சல், அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கும் வேலை, போட்டதா என்று தெரியாதாம். "கிரைண்டரில் கூர் வைத்து, பிடி மாட்டினால் போதுமா?" என்று கேட்கிறார்.

போதாது. முதலில் ஒரு நல்ல அரத்தை எடுத்து விளிம்பில் இழுத்துப் பாருங்கள். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் தோய்ச்சல் ஆகிவிட்டது. கடித்துப் பொடி உதிர்ந்தால் இரும்பு இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. அதில் எவ்வளவு கூர் வைத்தாலும் நாலு தேங்காய் உடைப்பதற்குள் மடங்கிவிடும்.

மெத்தென்று இருந்தால் நல்லதுதான். துளை போடுவது, வடிவம் தேய்ப்பது எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள். பிறகு டிரில் இறங்காது. வாய்ப்பக்கத்தை மட்டும் 1 மி.மீ. கனத்தில் நிறுத்துங்கள். அதைவிட மெலிந்தால் தோய்ச்சலில் நெளியும்.

அடுத்தது தோய்ச்சல். உலையில் சீராகக் காய்ச்சி, அவ்வப்போது காந்தத்தைக் காட்டுங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம், 830 டிகிரி அளவுக்கு ஏற்றி, நுனி கீழே இருக்க நேராக எண்ணெயில் இறக்குங்கள். எண்ணெய் 50, 60 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கட்டும்; கடலை எண்ணெயே போதும். தீப்பிடித்தால் மூட, இரும்புப் பாத்திரமும் மூடியும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். தண்ணீர் வேண்டாம். நான் ஒருமுறை தண்ணீரில் இறக்கினேன். 'டிக்' என்று மெல்லிய சத்தம். எடுத்துத் துடைத்துப் பார்த்தால், வாயிலிருந்து முதுகு நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல். இரண்டு நாள் வேலை போனது.

எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி கீழே விழுந்தால் உடையும் அளவுக்கு நொறுங்கு நிலையில் இருக்கும். அதனால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு கத்தி பல்லுப் பல்லாகப் பெயர்ந்ததும் இரும்பைக் குறை சொல்கிறார்கள்.

அப்புறம்தான் கூர். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். சாணையில் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். கையுறை இல்லாமல் பிடித்தால் சூடு உடனே தெரியும். விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் மறையும்வரை தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. கடைசிக் கூரைக் கையாலேயே, 400 கிரிட், பிறகு அதைவிட நைசான 1000 கிரிட் கல்லில் வையுங்கள். காய்கறி நறுக்க என்றால் ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி சாய்வு. தேங்காய், விறகு என்றால் 25க்கு மேல்.

பிடிக்கு நன்றாகக் காய்ந்த புளிய மரமோ வாகையோ எடுங்கள். பச்சை மரம் சுருங்கிப் பிடி ஆடும். எபாக்ஸி பசையோடு இரண்டு பித்தளைக் கம்பி ரிவிட்டும் போடுங்கள். இது துருப்பிடிக்கிற இரும்பு, அதனால் கழுவியதும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வையுங்கள். சில வாரங்களில் தகடு சாம்பல் நிறமாகும். அது துரு இல்லை, தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.