டிரா ஆகவேண்டிய ஆட்டம் கைநழுவுவது ஏன்?

கேள்வி: சார், என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், சமூக மன்றச் சதுரங்கப் போட்டிகளில் ஆடுகிறாள். கடைசியில் எதிராளியிடம் யானையும் ஒரு சிப்பாயும், இவளிடம் யானை மட்டும். டிராதான் என்கிறார்கள், ஆனால் தோற்றுவிடுகிறாள். என்ன செய்வது? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அம்மா, பெரும்பாலும் இதற்குக் காரணம் அவசரம். 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய வழியை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மகள் கறுப்பு என்றால், ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நிற்க, யானை (வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணினால்) ஆறாம் வரிசையைக் காவல் காக்கவேண்டும், வெள்ளை ராஜா அந்த வரிசைக்குள் நுழையவே முடியாது. சிப்பாய் ஐந்தில் இருக்கும்வரை யானை அந்த வரிசையிலேயே பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். பிள்ளைகள் பொறுமையிழந்து சீக்கிரமே செக் கொடுக்க ஓடுவது இங்கேதான். சிப்பாய் ஆறுக்கு வந்தபிறகுதான் யானை முதல் வரிசைக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கவேண்டும், அப்போது வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமிருக்காது.

யானையைத் தன் பக்கத்துக் கடைசி வரிசையிலேயே கட்டிவைப்பதும் ஆபத்து. எதிராளியிடம் இருப்பது ஓரத்துச் சிப்பாய், அல்லது அதற்கு அடுத்த குதிரைப் பக்கச் சிப்பாய் என்றால் தாங்கும், நடுச் சிப்பாய்க்குத் தாங்காது.

அப்புறம் யானைகள் வெட்டுப்பட்டு ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால்? சிப்பாய் ஆறில், உங்கள் ராஜா அதற்கு நேர் முன்னால், எதிராளி ராஜா பின்னால் என்றால் நேர் பின்னே மட்டும் இறங்கவேண்டும். சாய்வாக இறங்கினால் ஆட்டம் போச்சு. இந்த இரண்டு நிலைகளையும் வீட்டில் பலகையில் வைத்து, நீங்களே வெள்ளையாக உட்கார்ந்து ஆடிப்பாருங்கள்.