கடைசியாக நடந்த தவறு மேனேஜருக்கு எப்போது தெரிந்தது?

(பல ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அலுவலக வாழ்க்கை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் கணக்குப் பிரிவுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். திறமைசாலி, யாரையும் கடிந்து பேச மாட்டார். ஆனால் வெளியே போகிற ஒவ்வொரு மெயிலையும் அவர் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். "எதுவரை வந்திருக்கிறது?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சம்பளத்தில் குறையில்லை, வேலையும் முன்பைவிட வேகமாகவே நடக்கிறது. அப்படியும் யாருக்கும் வேலையில் பிடிப்பே இல்லை. நாங்கள்தான் மிகைப்படுத்துகிறோமா?

பதில்: இல்லை. வேகம் கூடுவதும் பிடிப்பு போவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவைதான். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற மூன்று ஆய்வாளர்கள், பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்வார். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைக்கூட முன்கூட்டிச் சொல்ல மாட்டார். இன்னொரு வகைத் தலைவர் பையன்களோடு பேசி முடிவெடுப்பார். முதல் வகைக் குழுவில், தலைவர் பக்கத்தில் நிற்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவில் அவர் இருந்தாலும் போனாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதிகாரத் தலைவரிடம் இருந்த பையன்கள் தங்கள் எரிச்சலை அவரிடம் காட்டாமல், தங்களுக்குள் ஒருவனைப் பிடித்து அவன்மேல் கொட்டியதும் உண்டு. உங்கள் பிரிவில் சமீபமாகச் சக ஊழியர்களுக்குள் உரசல் கூடியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பிரிவில் மனநிலை சரியில்லை என்று என்னை அழைத்தால், நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசியாக நடந்த தவறு மேனேஜருக்கு எப்போது தெரிந்தது?" அப்படி ஒருமுறை நான் போன பிரிவும், உங்கள் மேனேஜரைப் போலவே எல்லாவற்றையும் பார்த்து அனுமதி கொடுக்கிற ஒருவரிடம்தான் இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பில் இன்னொருவருக்குப் போய்விட்டது. அனுப்பிய பெண்ணுக்கு அன்று மாலையே தெரியும். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். மறுநாள் அந்தக் கோப்பைத் திறந்தவருக்கும் தெரியும். மேனேஜருக்கு மட்டும், வாடிக்கையாளர் போன் செய்து சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது. மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். மூவருமே பொறுப்பான ஆட்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: "அவர்தானே பார்த்து ஓகே செய்தார்?" ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறவரிடமே பொறுப்பும் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு மிச்சமிருப்பது டைப் அடிக்கிற வேலை மட்டும். நல்ல வேலைக்காரரை அதைவிட வேகமாக வாட வைக்கிற விஷயம் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

சரி, என்ன செய்யலாம்? எல்லாரும் சேர்ந்து போய் நிற்காதீர்கள். புதிதாக வந்தவர் அதைக் கலகமாகத்தான் பார்ப்பார். சிக்கலில்லாத ஒரே ஒரு வகை மெயிலைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாகப் பணம் வந்து சேர்ந்ததை உறுதி செய்கிற மெயில். "இதை மட்டும் ஒரு மாதம் நாங்களே அனுப்புகிறோம், நகல் உங்களுக்கு வரும்" என்று கேளுங்கள். அப்புறம், அவர் கேட்பதற்கு முன்பே தினமும் மாலையில் மூன்று வரி அனுப்புங்கள்: முடிந்தது, பாதியில் இருப்பது, சிக்கல். மூன்றாவது வரியை மறைக்காமல் எழுதுங்கள். சிக்கல் தன் காதுக்குத் தானாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கை வந்தால், துருவித் துருவிக் கேட்பது பெரும்பாலும் குறையும். குறையவில்லை என்றால் அவருடைய மேலதிகாரியிடம் பேசலாம். அப்போது ஒரு மாதக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: எங்கள் மேனேஜர் எதிலும் தலையிட மாட்டார். "உங்களுக்குத் தெரியாததா!" என்று விட்டுவிடுவார். மற்ற பிரிவினர் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் சோர்வாக இருக்கிறது?

பதில்: மேலே சொன்ன ஆய்வில் மூன்றாவதாக ஒரு வகைத் தலைவரும் உண்டு: ஒதுங்கி நின்று, கேட்டால் மட்டும் பதில் சொன்னவர். வேலை மிகக் குறைவாக நடந்தது அவருடைய குழுவில்தான். இரண்டு பிரிவுகளுக்குள் தகராறு வந்தாலோ, ஒருவருடைய வேலையும் சேர்ந்து உங்கள் தலையில் விழுந்தாலோ, அதைத் தீர்க்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. அவருக்கு உண்டு, அவர் அதைப் பயன்படுத்துவதில்லை. உங்கள் சோர்வு நியாயமானது. முடிவெடுக்கச் சொல்லி அவரிடம் போகாதீர்கள். இரண்டு வழிகளை எழுதிக்கொண்டு போய், "இதில் எது?" என்று கேளுங்கள்.

கேள்வி: சமீபத்தில் டீம் லீடர் ஆகியிருக்கிறேன். "எந்தப் பிரச்சினையானாலும் தயங்காமல் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பதில்: சொன்னால் என்ன நடக்கும் என்று இன்னும் அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அந்தக் குழுக்கள் தவறை வெளிப்படையாகப் பேசியதே காரணமாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. 1996இல் வெளியான அந்த ஆய்வு அவருடைய பிற்காலப் பணிக்கெல்லாம் தொடக்கமாக அமைந்தது. டொயோட்டா தொழிற்சாலைகளில் குறை கண்ட தொழிலாளி, உதவிக்கு அழைப்பதற்கென்றே கட்டியிருக்கும் கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் உடனே வந்து நிற்க வேண்டும்; குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். அழைத்தால் ஆள் வருவார் என்று தெரிந்திருப்பதால்தான் கை கயிற்றுக்குப் போகிறது.

அந்த வாக்கியத்தை இனி மீட்டிங்கில் சொல்ல வேண்டாம். யாராவது முதல்முறை ஒரு சிக்கலோடு வரும்போது, "யார் செய்தது?" என்று கேட்பதற்கு முன் "இப்போது என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் கேட்ட உதவியை அன்றைக்கே செய்து கொடுங்கள்.