பாடக்குறிப்பு எழுதியபடி வகுப்பு ஒருநாளும் நடப்பதில்லை. பிறகு எதற்காக அதை எழுத வேண்டும்?

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறேன், காலையில் முதல் பத்து நிமிஷத்திலேயே எல்லாம் கலைந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தனியார் பள்ளி என்றால் நிலைமை வேறு, அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் கிடையாது.

எழுதத்தான் வேண்டும். ஏன் என்று எனக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆனது.

எனக்கு ஊர் பல்லடம் பக்கம். 2014-ல் முதல் பணியிடம் காவிரி டெல்டாவில் கிடைத்தது. நான் பி.எட். படித்தபோது அது ஓராண்டுப் படிப்பு. ஈராண்டு ஆனது 2015-ல்தான். ஆயத்தம், வழங்கல், ஒப்பிடல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல் என்று ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் பாடம் நடத்த வகுத்த ஐந்து படிகளை மனப்பாடமாகச் சொல்வேன். அந்த ஐந்தையும் 45 நிமிஷத்துக்குள் அடக்கிவிட்டால் நல்ல வகுப்பு என்று முழுதாக நம்பினேன்.

ஆறாம் வகுப்பு அறிவியல், அளவீடுகள் பாடம். அன்றைக்குப் பரப்பளவு. வரைபடத்தாள், இலை, பென்சில் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். சதுர மீட்டர் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், எங்கப்பா ரெண்டு மா குத்தகைக்கு எடுத்திருக்காங்க. அது எத்தனை மீட்டர் டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஏக்கர், சென்ட்தான். மா என்ற அளவையே அங்கே வந்துதான் கேள்விப்பட்டேன். "அதெல்லாம் பாடத்துல இல்லம்மா, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். இலையை வைத்துக் கோடு வரைந்தார்கள், கட்டம் எண்ணினார்கள், விடையும் சரியாக வந்தது. குறிப்பில் இருந்த ஐந்து படியும் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூட எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதி இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மதியம் சத்துணவு சமைக்கும் அக்காவிடம் கேட்டேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு அடிக் கோலால் நீளம் ஒன்று, அகலம் ஒன்று அளந்தால் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழிக்கு 144 சதுர அடி, மாவுக்கு 14,400. கிட்டத்தட்ட 33 சென்ட். என் ஊர்க் கணக்கோடு அது பொருந்தியபோது வந்த சந்தோஷத்தைத்தான் காலையில் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா ஒரு மூங்கில் கழியைப் பன்னிரண்டு அடிக்கு வெட்டிக் கொடுத்தனுப்பினார். மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு குழி போட்டோம். மீட்டர் டேப்பால் பக்கத்தை அளந்தால் 3.66. பெருக்கினால் 13.4 சதுர மீட்டர் அளவுக்கு வந்தது. மா என்றால் சுமார் 1,340. அவள் அப்பாவின் நிலம் 2,680 என்று அவளே சொன்னாள். வகுப்பு முழுக்க அந்தக் குழிக்குள் நின்று பார்த்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மேலதிகாரி ஒருவர் பள்ளிப் பார்வைக்கு வந்தார். என் குறிப்பேட்டில் அன்றைய தேதியில் இருந்தது கன அளவு. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். "பாடக்குறிப்பின்படி வகுப்பு நடைபெறவில்லை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ குறிப்பே வேண்டாம், போன போக்கில் எடுக்கலாம்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தத் தப்பையும் நான் செய்தேன். அடுத்த வருஷம், பாடம் கைவந்துவிட்டது என்ற நினைப்பில், ஒழுங்கற்ற பொருளின் கன அளவைக் காட்ட வெறுங்கையோடு போனேன். வாசலில் கிடந்த கல்லை எடுத்தேன். அளவு ஜாடிக்குள் அது நுழையவில்லை. சின்னக் கல் தேடி இரண்டு பையன்களை அனுப்பினேன். அவர்கள் வருவதற்குள் ஜாடியில் கீறல் இருந்து தண்ணீர் கசிவது தெரிந்தது. நாற்பது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துவிட்டது. மா, குழி பக்கம் போனபோது என்னால் பாடத்துக்குத் திரும்ப முடிந்ததற்குக் காரணம், எங்கே திரும்ப வேண்டும் என்று முந்தைய ராத்திரி எழுதி வைத்திருந்ததுதான். கல் தேடிய நாளில் அப்படி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு 45 நிமிஷத்துக்கும் நான் திட்டம் போடுவதில்லை. முப்பதுக்குத்தான். இன்றைக்கு இவர்கள் எதைப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரே வரி மேலே. நேரம் போனால் எதை விட்டுவிடலாம் என்பதைப் பென்சிலில் அடிக்கோடு. செய்துகாட்ட வேண்டியதை முதல் நாள் சாயந்திரமே ஒருதடவை செய்து பார்த்துவிடுவேன். குறிப்பேட்டின் இடதுபக்கத்தை வெறுமையாக விட்டு, வகுப்பு முடிந்ததும் நடந்ததை நாலு வரி அங்கே எழுதுவேன்: யார் என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினேன். பார்வைக்கு வருகிறவர்களும் அந்த இடதுபக்கத்தைப் பார்த்தால் வகுப்பு ஏன் திசைமாறியது என்று புரிந்துகொள்கிறார்கள். எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கை நிறையச் சம்பளம், கோடை விடுமுறை, இதில் புலம்பல் வேறா" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், அதுவும் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து என்று எழுதியிருக்கிறது. தயாரிப்பும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்த நேரம் எங்கே போகிறது? எமிஸ் என்ற பள்ளித் தகவல் செயலியில் வருகைப்பதிவு, சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் போய் நிற்பது, இலவசப் பொருள் கொடுத்ததற்குக் கணக்கு, புகைப்படம், வாட்ஸ்அப் குழுவில் "உடனே அனுப்பவும்". கற்பித்தல் அல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மட்டும் விதிவிலக்கு என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பதற்குப் பாதிக் காரணம் உங்கள் அனுபவக் குறைவு இல்லை, இதுதான். அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

இப்போது என் ஆறாம் வகுப்புக் குறிப்பில் மாவும் குழியும் நிரந்தரமாக இருக்கின்றன. மூங்கில் கழி அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது. போன வாரம் அதே பாடத்தில் ஒரு பையன் கேட்டான்: "கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்லை வாங்க மாட்டேங்குறாங்களே டீச்சர், நெல்லுக்குள்ள இருக்கிற தண்ணிய எப்படி அளக்குறாங்க?" அவனை உட்காரச் சொல்லவில்லை. கேள்வியை அப்படியே இடதுபக்கத்தில் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை கொள்முதல் நிலையத்துக்குப் போய் அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.