அறிக்கையில் 6.2 என்றால் மாத்திரை தொடங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர், '70 பரிசோதனை, 1,999 ரூபாய்' என்று சொல்லி வீட்டிலேயே ரத்தம் எடுத்துப் போனார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 6.2, ஹீமோகுளோபின் 9.1 என்று அறிக்கை வந்திருக்கிறது. அவரே ரத்த அழுத்தமும் பார்த்தார், 148/92. இன்னும் மூன்று நான்கு எண்கள் சிவப்பில் இருக்கின்றன. "சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள், பெரிய பேக்கேஜ் எடுத்துவிடுங்கள்" என்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை தொடங்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரை இப்போது வேண்டாம். பெரிய பேக்கேஜ் எப்போதுமே வேண்டாம்.

நீங்கள் சர்க்கரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இன்றைக்கே கவனிக்க வேண்டிய எண் அந்த 9.1 தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. உங்களிடம் வந்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரத்தசோகையைக் காட்டி எந்தப் பேக்கேஜை விற்பது?

6.2க்கு வருவோம். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் சர்க்கரை நோய். இதெல்லாம் ஹீமோகுளோபின் ஒழுங்காக இருப்பவர்களுக்கான கணக்கு. இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தவர்களுக்கு, சர்க்கரை ஏறாமலேயே இந்த எண் ஏறிக் காட்டலாம். இரும்புச்சத்து கொடுத்து ரத்தம் ஊறியபின் அதே ஆளுக்கு எண் இறங்குவதையும் பார்க்கிறோம். தலைகீழாகவும் நடக்கும்: அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், நிறைய ரத்தம் இழந்தவர்களுக்கும், சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதைந்துபோகும் நோய் உள்ளவர்களுக்கும் எண் பொய்யாகக் குறைந்து நிற்கும். ஆக, உங்கள் 6.2ஐ நம்பி மாத்திரை எழுதுவதும் தவறு, ரத்தசோகையால் வந்ததுதான் என்று தூக்கிப் போடுவதும் தவறு. ஹீமோகுளோபினைப் பார்க்காமல் ஹெச்பிஏ1சியை மட்டும் பார்த்து மருந்துச் சீட்டு எழுதுவது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. பரிசோதனைக் கூடம் எண்ணைத் தரும், விளக்காது. விளக்க வேண்டிய மருத்துவருக்கு வாசலில் அறுபது பேர் காத்திருக்கிறார்கள்.

98 ஆறுதல் தருகிறதே என்கிறீர்களா? அந்த மனிதர் எந்தக் குழாயில் ரத்தம் பிடித்தார் என்று நினைவிருக்கிறதா? சர்க்கரைக்கான ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் பிடிக்க வேண்டும். அதில் ஃப்ளூரைடு என்ற மருந்துப்பொடி இருக்கும். அது இல்லாத குழாயில் ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். பத்து வீட்டில் ரத்தம் எடுத்து, பைக்கின் பெட்டியில் வெயிலில் சுற்றி, மூன்று மணி நேரம் கழித்துக் கூடத்தில் சேர்த்திருந்தால், உங்கள் 98 உண்மையில் 110ஐத் தாண்டியிருக்கலாம். ஒரே தாளில் ஓர் எண் ஏறியும் இன்னொன்று இறங்கியும் பொய் சொல்லக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிக்கிறேன்.

மற்ற சிவப்பு எண்களுக்குப் பயப்படாதீர்கள். ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேரின் அளவுகளை வைத்துத்தான் பெரும்பாலான 'இயல்பு எல்லை'களை வகுக்கிறார்கள். எழுபது எண் பார்த்தால், நோயே இல்லாதவருக்கும் மூன்று நான்கு சிவப்பில் வரும். அந்த எழுபதும் ஒரு கண்கட்டு வித்தை: ரத்த அணுக்களின் எண்ணிக்கை என்ற ஒரே பரிசோதனையில் வரும் இருபது சொச்சம் வரிகளையும் தனித்தனிப் பரிசோதனையாக எண்ணிச் சேர்த்திருப்பார்கள். பெரிய பேக்கேஜில் 'புற்றுநோய்க் குறியீடுகள்' என்று சில இருக்கும். அறிகுறி இல்லாதவருக்கு அவற்றைப் பார்த்தால், ஸ்கேன் ஸ்கேனாக அலைவதுதான் மிச்சம்.

148/92ஐயும் நான் ஏற்கவில்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஜாக்கெட் கைக்கு மேல் அல்லாமல் வெறும் புஜத்தில் பட்டை சுற்றி, பேசாமல் எடுத்தால்தான் அது ரத்த அழுத்தம். அவர் பேக்கேஜ் பேசிக்கொண்டே எடுத்திருப்பார். புஜத்தில் சுற்றும் கருவியை யாரிடமாவது வாங்கி, ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எடுத்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 180/120 அளவில் வந்தால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே போங்கள்.

பைசா செலவில்லாத ஓர் அளவு உங்கள் கழுத்தில் தொங்கும் டேப்பிலேயே இருக்கிறது. பாவாடை நாடா கட்டும் இடத்தில் வேண்டாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் எடுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் எல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, இத்துடன் இடுப்பும் எல்லை தாண்டியிருந்தால், எந்த அறிக்கை என்ன சொன்னாலும் உங்களுக்கு ஆபத்து கூடுதல்தான். நடையைத் தொடங்கச் சீட்டு வேண்டியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போய், கை நரம்பில் ரத்தம் எடுத்து அப்போதும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்கிறவர்கள்தான் தெருவில் வருகிறவரிடம் கை நீட்டுகிறார்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் அங்கே கூச்சப்படாமல் சொல்லுங்கள். 9.1க்குக் காரணம் பெரும்பாலும் அந்த ரத்தப்போக்காகத்தான் இருக்கும். கர்ப்பப்பைக் கட்டியா என்று பார்க்க வேண்டியிருக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். டீ, காபியோடு விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையால் வருவது. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். ஹெச்பிஏ1சியை அந்த மூன்று மாதம் முடிந்தபின் மறுபடி பாருங்கள். அதற்கு முன் யார் வந்து கேட்டாலும் கையை நீட்ட வேண்டாம்.