பழைய டாட்சன் பிக்அப்பில் முதல் மிதிக்கு பிரேக் பிடிக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை அந்த வண்டியோடு உட்காருங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இது: மாமனார் மலேசியாவில், ஜொகூரின் கூலாயில் விட்டுப்போன 1976 டாட்சன் 620. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இரண்டு வருடம் கொட்டகையில் நின்றிருக்கிறது. முதல் மிதியில் பெடல் கிட்டத்தட்ட தரைவரை போகிறது, உடனே இன்னொரு முறை மிதித்தால் பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டியபின் பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர்கள் மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம், போய்விட்டது என்கிறார்கள்.

நான் சிங்கப்பூரில் சின் மிங் பக்கம் 26 வருடம் லாரி, வேன், பிக்அப் என்று பிரேக் வேலைதான் பார்த்தேன். 620 வந்தது 1972 முதல் 1979 வரை. நான் ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கிய 1987ல் அவற்றில் கடைசியானவை இங்கே ஓடிக்கொண்டிருந்தன. சரக்கு வண்டிக்கு இங்கே 20 வருடம்தான் ஆயுள் என்பதால் இப்போது ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குள் போனால்தான் பார்க்க முடிகிறது. அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரேக் கெட்டால் என்ன கெட்டது என்று பெடலே சொல்லிவிடும். மூன்று விதமாகச் சொல்லும். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி, எவ்வளவு மிதித்தாலும் கெட்டிப்படவில்லை என்றால் குழாயில் காற்று இருக்கிறது. மிதித்ததும் கெட்டியாக நின்று, காலை அப்படியே வைத்திருக்க, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்து கல் மாதிரி நின்று, அங்கேயே நிலைத்தால், சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருக்கிறது. உங்களுடையது மூன்றாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் அப்படி என்றால், மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு இவ்வளவு ஆயில்தான் தள்ளும் என்று ஒரு அளவு உண்டு. ஷூ டிரம்மைத் தொடுவதற்கே அதெல்லாம் செலவாகிவிட்டால் அழுத்துவதற்கு மிச்சம் இருக்காது. காலை எடுத்து உடனே மறுபடி மிதிக்கும்போது, ஸ்பிரிங் ஷூவை முழுதாக உள்ளே இழுப்பதற்குள் இன்னும் கொஞ்சம் ஆயில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டாவது மிதி பிடிக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு காய்கறி லாரியில். 1989 என்று நினைவு. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு ஓடுகிற வண்டி, இதே கோளாறு. நான் ஆராயாமல் புது மாஸ்டர் சிலிண்டரைப் போட்டு அனுப்பிவிட்டேன். நாலே நாளில் வண்டி திரும்பி வந்தது, பெடல் அதே ஆழம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. சீட்டில் உட்காரச் சொன்னார். மிதி என்றார், மிதித்தேன், கீழே போனது. பிறகு ஹேண்ட் பிரேக்கை அவரே கை நீட்டி இழுத்து வைத்துவிட்டு, “பெலான் பெலான்” என்றார் மலாயில். மெதுவாக மிதித்தேன். பெடல் கால் பங்கு தூரத்தில் நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக் பின்சக்கர ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டதால் ஆயிலுக்கு வேலை குறைந்துவிட்டது. அதாவது கோளாறு பின்சக்கர அட்ஜஸ்ட்மெண்டில். அந்த வண்டிக்காரர் தேவையில்லாத பாகத்துக்குக் கொடுத்த காசு இன்றும் என் மனதில் உறுத்துகிறது. உங்களுக்கு இதை இவ்வளவு நீட்டி எழுதுவதும் அதனால்தான்.

நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து ஒரே ஒரு முறை மிதியுங்கள். பெடல் மேலே நின்றால் பின் ஷூ தளர்ந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். கொஞ்சம்தான் மேலே வருகிறது என்றால் முன் ஷூவும் சேர்ந்து தளர்ந்திருக்கும்.

சரி, அட்ஜஸ்ட் செய்வது எப்படி? ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். டிரம்மின் பின்தகட்டில் ரப்பர் மூடி போட்ட சிறிய ஓட்டை இருந்தால் உள்ளே பல்சக்கரம் இருக்கும், தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திருப்ப வேண்டும். சில வண்டிகளில் ஓட்டைக்குப் பதில் சதுரத் தலை போல்ட் இருக்கும். சக்கரம் கையால் சுற்ற முடியாமல் இறுகும்வரை திருப்புங்கள், பிறகு லேசாக உரசிக்கொண்டு சுற்றும் அளவுக்குப் பின்னால் விடுங்கள். நடுவில் இரண்டு முறை பெடலை மிதித்துவிட வேண்டும், அப்போதுதான் ஷூ நடுவில் உட்காரும். பின்சக்கரத்தைத் தொடும் முன் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிடுங்கள். நிறைய பேர் ஷூவை விட்டுவிட்டு கேபிளை இறுக்குகிறார்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிற மாதிரி இருக்கும், பெடல் அப்படியே ஆழமாகத்தான் போகும். ஷூ முதலில், கேபிள் கடைசியில்.

இரண்டு வருடம் நின்ற வண்டி என்பதால் பல்சக்கரம் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். எப்படியும் டிரம்மைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் இடது பக்கம் இழுப்பதற்கான காரணம் உள்ளேதான் இருக்கிறது. டிரம் வர மறுத்தால் சுத்தியலால் போட்டு அடிக்காதீர்கள். ஜப்பான் டிரம்கள் பலவற்றில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், 8 எம்எம் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் தானே வெளியே வரும்.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதவே ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில், அதாவது ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது, அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. நாங்கள் இளவயதில் இது தெரியாமல் தினமும் ஊதினோம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இழுப்பு. வண்டி இடது பக்கம் இழுத்தால் இடது பிரேக்தான் கெட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் இடது பக்கம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, வலது பக்கம் செய்யவில்லை. வலது முன் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது வலது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் இழுக்கிறது என்கிறீர்களே, அது எனக்கு இன்னொன்றை நினைவூட்டுகிறது: சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதிப்போய் துவாரம் அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடும். ஷூ உரசிக்கொண்டே போகும், அந்தச் சக்கரம் சூடாகும், பிறகு பிரேக் போட்டால் அந்தப் பக்கமே முதலில் பிடித்து இழுக்கும்.

எது என்று கண்டுபிடிக்க சூட்டைப் பாருங்கள். தோட்டத்துப் பாதையில் கொஞ்சம் ஓட்டி, கடைசியில் பிரேக் அதிகம் போடாமல் உருட்டி நிறுத்திவிட்டு, இறங்கி நான்கு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். லேசர் வைத்த வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. கோவிட் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தது இதற்கு ஆகாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான். இடது முன் டிரம் மட்டும் கொதித்தால் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காற்று எடுப்பதற்கென்று உள்ள திருகான பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் சட்டென்று விடுபட்டால் ஆயில்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. மாட்டியது ஹோஸில்தான். நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் இவற்றில் ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது. நான்கு சக்கரமும் ஒரே மாதிரி இறுகுகிறது என்றால் மட்டும் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள தண்டைப் பாருங்கள். அதில் கொஞ்சமாவது ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும்.

மாறாக இடது நல்லபடி இருந்து வலது மட்டும் குளிர்ந்து கிடந்தால் வலது டிரம்மைத் திறங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் லேசாக விலக்குங்கள். ஈரம் கசிந்தால் அந்த சிலிண்டர் முடிந்தது. பின்சக்கரத்தில் ஈரம் இருந்தால் அவசரப்படாமல் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்கு கந்தக வாடை உண்டு, கொழகொழவென்று இருக்கும், அது ஆக்சில் சீலில் இருந்து வருவது. பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி நீர்த்திருக்கும், பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எந்த ஆயிலாக இருந்தாலும் அதில் ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள், சூடானால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். இடது வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலை என்ன ஆனாலும் புதிதாக ஊற்ற வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, தண்ணீர் இழுத்துவிட்டால் 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. உள்ளே கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பெடல் கீழே. டப்பாவைத் திறந்து பாருங்கள், கோப்பி-ஓ, அதாவது பால் இல்லாத கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தால் நான் சொல்லவே வேண்டாம். டாட் 3, டாட் 4 இரண்டில் எதுவும் ஊற்றலாம். டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான், இவற்றோடு சேராது, அதைத் தொடாதீர்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

ஆயில் மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். இணையத்தில் அமெரிக்க வீடியோ பார்த்தால் வலது பின்சக்கரம் என்பார்கள், அவர்கள் ஓட்டுநர் இடது பக்கம். நம் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்னால் இருப்பதால் தூரமானது இடது பின்சக்கரம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, நுனியை ஆயில் கொஞ்சம் ஊற்றிய போத்தலில் முக்கி வைத்தால் குமிழி நின்றது தெரியும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். வழக்கமாக ஓடாத அடிப்பகுதியில் சிலிண்டருக்குள் துரு சேர்ந்திருக்கும், வாஷர் அங்கே போய் உரசினால் கிழிந்துவிடும். நல்ல மாஸ்டர் சிலிண்டர் கெடுவது அப்படித்தான். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதியுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் எஞ்சின் ஓட, பெடலை மிதித்து ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் வைத்திருங்கள். இறங்கினால் அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்னது சரி, மாஸ்டர் சிலிண்டரை மாற்றுங்கள், நான் தடுக்க மாட்டேன். இறங்காமல் நின்றால் வேலை முடிந்தது.

முதல் ஓட்டம் தோட்டத்துப் பாதையிலேயே, மெதுவாக, ஹேண்ட் பிரேக்கில் ஒரு கை வைத்தபடி. நெடுஞ்சாலைக்கு இப்போது வேண்டாம். புது ஷூ போட்டிருந்தால் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை அட்ஜஸ்ட் செய்து, ஆயில் மட்டத்தையும் பாருங்கள். டிரம்மைக் கழற்றியதும் வலது முன் சிலிண்டரையும் இடது ஹோஸையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.